பழகிய மூக்கு, வலியறியாத விரல்

உளவியல் பாடநூலில் புலனுணர்வு பற்றிய அத்தியாயத்தை மாணவர்கள் சீக்கிரம் தாண்டிப் போய்விடுவார்கள். கனவு, நினைவாற்றல், ஆளுமை, ஃப்ராய்டு என்று சுவையான பகுதிகள் பின்னால் இருக்கும்போது, மூக்கும் தோலும் எப்படி வேலை செய்கின்றன என்பதில் யாருக்கு அக்கறை? ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த அத்தியாயமே முதல் பாடமாக இருக்க வேண்டும். மனம் மாற்றத்தைத்தான் கவனிக்கிறது. மாறாமல் இருப்பதை, அது எவ்வளவு கொடியதானாலும், கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது என்ற எளிய உண்மை அங்கேதான் சொல்லப்படுகிறது. உளவியல் என்றாலே நேர்மறைச் சிந்தனைப் பயிற்சி வகுப்பு என்று ஆகிவிட்ட காலத்தில், இந்த எளிய பகுதியைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் வருகிறவருக்கு இந்த வட்டாரத்தின் கிழக்கு வாசல் காவேரிப்பாக்கம். நெல்லும் ஏரியும் ஊரின் அடையாளங்கள். வாலாஜாபேட்டை அருகே பாலாற்றின் குறுக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வாங்கும் இந்த ஏரி, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளுள் ஒன்று. நெடுஞ்சாலையில் இன்னும் சிறிது தூரம் மேற்கே போனால் வாலாஜா, ராணிப்பேட்டை. டேனரிகள், ஷூ கம்பெனிகள், ரசாயன ஆலைகள். பஸ்ஸின் ஜன்னல் வழியாக அந்த வாடை உள்ளே வந்ததும் வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் பேச்சை நிறுத்துவதுகூட இல்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வெளியூர்க்காரர்களும் கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார்கள்.

காவேரிப்பாக்கம் பக்கத்திலிருந்து டேனரியின் ஃபினிஷிங் பிரிவுக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "நாத்தமா? சேந்த புதுசுல சோறே எறங்காது. இப்ப ஒண்ணும் தெரியல. நாலு நாளு லீவு போட்டுட்டுப் போனா மட்டும் காலைல கொஞ்ச நேரம் வரும், அப்பறம் பூடும்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "புள்ளதான் சொல்லும், மொதல்ல குளிச்சிட்டு வாம்மான்னு. எம்மேல அடிக்கறது எனக்குத் தெரியாது" என்றார்.

பாடநூல் பல பக்கங்களில் சொல்வதை அவர் இந்தச் சில வாக்கியங்களில் சொல்லிவிட்டார். ஒரே தூண்டல் தொடர்ந்து கிடைத்தால் உணர்வு மங்குகிறது. கொஞ்ச நாள் இடைவெளி விட்டால் திரும்ப வருகிறது. திரும்பியதும், முன்னைவிட வேகமாக மங்குகிறது. பழகிப்போனவருக்கு இல்லாமற்போன அதே வாடை, பழகாதவருக்கு முழு வீச்சில் இருக்கிறது.

இதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று மூக்கிலேயே நடப்பது: வாடையின் மூலக்கூறுகள் தொடர்ந்து வந்து ஒட்டும்போது, அவற்றை உணரும் செல்கள் மூளைக்கு அனுப்பும் செய்தியைக் குறைத்துக்கொள்கின்றன. மற்றது மூளையில்: செய்தி வந்தாலும், 'இது ஏற்கெனவே தெரிந்தது, இதனால் எதுவும் நடக்கவில்லை' என்று ஒதுக்கிவிடுவது. இரண்டாவதற்குப் பெரிய மூளைகூடத் தேவையில்லை. எரிக் காண்டல் என்ற நரம்பியல் அறிஞர் கடல் நத்தை ஒன்றை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். முதலில் அது செவுளை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது, திரும்பத் திரும்பத் தொட்டபோது பொருட்படுத்துவதை விட்டுவிட்டது. கற்றலின் இந்த அடிமட்ட வடிவத்திலிருந்து தொடங்கிய ஆய்வுகளுக்காக அவருக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உளவியல் அறிவியலாகத் தொடங்கியதே இந்த இடத்தில்தான். வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் லைப்சிக்கில் முதல் உளவியல் ஆய்வுக்கூடத்தைத் திறப்பதற்கு வெகு காலம் முன்பே, அதே ஊரில் எர்ன்ஸ்ட் வேபர் எடைக்கற்களை ஆட்களின் கையில் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு எடை கூடினால் 'கூடியிருக்கிறது' என்று தெரிகிறது? அது ஏற்கெனவே கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று அவர் கண்டார். குஸ்டாவ் ஃபெக்னர் 1860-இல் அதைக் கணிதமாக்கினார். வாலாஜா சந்தையில் கொத்தமல்லிக் கட்டுக்கு 5 ரூபாய் குறைக்கச் சொல்லி நின்று வாதாடுகிறவர், காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை எடுக்கும்போது 500 ரூபாயைப் பற்றி மூச்சு விடுவதில்லை. பணம் அதே பணம்தான். மனம் பார்ப்பது எதோடு ஒப்பிட்டு எவ்வளவு என்பதை. ஏற்கெனவே வாடை நிறைந்த ஊரில் இன்னொரு டேனரி வந்தால் அது யார் மூக்கிலும் ஏறாமல் போவதற்கும் காரணம் இதுவே.

ஆனால் மூக்கு வெறும் கருவியும் அல்ல. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பமீலா டால்டன் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. ஒரே வாடையை மூன்று குழுக்களுக்கு முகரக் கொடுத்தார். இயற்கைச் சாறு, நல்லது என்று ஒரு குழுவிடம் சொல்லப்பட்டது. தீங்கு செய்யக்கூடிய ரசாயனம் என்று இன்னொரு குழுவிடம். மூன்றாவது குழுவிடம் அது ஆய்வில் வழக்கமாகப் பயன்படும் வாடைப்பொருள் என்று மட்டும். நல்லது என்று நம்பியவர்களுக்கு நேரம் ஆக ஆக வாடை மங்கியது. கெட்டது என்று நம்பியவர்களுக்கு அவ்வாறு மங்கவில்லை; தொண்டை கரகரப்பு, தலைசுற்றல் என்று தொல்லைகளையும் அவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். அதே ஆண்டு அவரும் சக ஆய்வாளரும் வெளியிட்ட மற்றொரு ஆய்வில், இரண்டு வாரம் வீட்டில் ஒரு வாடையோடு வாழ்ந்தவர்களுக்கு அந்த வாடையை முகரும் திறன் குறைந்தது. வாடையை எடுத்துவிட்ட பிறகும் அந்தக் குறை உடனே நீங்கவில்லை.

இந்த இரண்டு ஆய்வுகளையும் ராணிப்பேட்டையில் வைத்துப் பார்த்தால் ஒரு பழைய சண்டைக்கு விளக்கம் கிடைக்கிறது. 'உள்ளே வேலை செய்கிற தொழிலாளிக்கே நாறவில்லை, வெளியே இருக்கிற இவருக்கு என்ன நாறுகிறது?' என்பது ஆலைத் தரப்பினர் வழக்கமாகச் சொல்லும் பதில். தொழிலாளிக்கு நாறாமல் இருப்பது காற்று சுத்தமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. நெடுநேரம் முகர்ந்திருக்கிறார் என்பதற்கே சான்று. கூலி தரும் வாடை என்பதால் அவர் மனம் அதை எளிதாகவே ஒதுக்கியிருக்கும். அதே சமயம் எதிர்த்தரப்பும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நஞ்சு என்று நம்புகிறவருக்கு வாடை கூடுதலாகவே தெரியும். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் மூக்கும் அளவுகோல் ஆகாது. இந்த வழக்கில் இரு மூக்குகளையும் சாட்சிக்கூண்டிலிருந்து இறக்கிவிட்டுக் கருவியை ஏற்றுவதே முறை.

இதுவரை பேசியது தொல்லையைப் பற்றி. இனி உயிரைப் பற்றி.

உப்புக்கட்டிய தோல் டேனரிக்கு வந்ததும் ஊறவைத்துக் கழுவி, சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்த்த கரைசலில் போடுகிறார்கள். மயிர் கழன்று வருவதற்காக. அதற்குப் பின்வரும் வேலைகளில், குரோம் ஏற்றுவதற்கு முன், அமிலம் தேவைப்படுகிறது. சல்பைடு கலந்த கழிவுநீரும் அமிலம் கலந்த கழிவுநீரும் ஒரே வாய்க்காலில், ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். நாள்பட்ட கசடு மூடிய தொட்டியில் கிடந்து அழுகினாலும் அதே வாயு. அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான்.

இந்த வாயுவை மனித மூக்கு வெகு நுட்பமாகக் கண்டுபிடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 பிபிஎம், அதற்கும் குறைவாக இருந்தால்கூட நாறும். இயற்கை நமக்குக் கொடுத்த அருமையான எச்சரிக்கை மணி என்று தோன்றும். ஆனால் அளவு 100 பிபிஎம் பக்கம் போனால் சில நிமிடங்களில் முகரும் நரம்பே மரத்துவிடுகிறது. இது வெறும் பழக்கம் அல்ல, நச்சே மணியின் கம்பியை அறுத்துவிடுவது. 'உள்ளே இறங்கும்போது நாறிச்சு, இப்ப பரவால்ல' என்று தொட்டிக்குள் இருப்பவர் நினைக்கும் தருணம்தான் மிக மோசமான தருணம். 700 பிபிஎம்முக்கு மேல் போனால் ஓரிரு மூச்சில் நினைவு தப்பும். மேலே நிற்பவர் பார்க்கிறார், கூட வந்தவர், உறவுக்காரராகவும் இருக்கலாம், மயங்கிக் கிடக்கிறார், யோசிக்காமல் இறங்குகிறார். அவரைக் காப்பாற்ற மூன்றாமவர். தோல் வட்டாரத்திலும் நகரங்களின் கழிவுநீர்த் தொட்டிகளிலும் இத்தகைய சாவுகள் ஒற்றையாக வராமல் இரண்டு மூன்றாக வருவதற்கு இதுவே காரணம். இறங்கியவர்களுக்கு அறிவில்லை என்று எழுதுவது கொடுமை. ஆபத்தை உணர்த்தவேண்டிய புலன், ஆபத்து அளவு மீறிய நேரத்தில் அணைந்துபோயிருந்தது.

உணர்வு அணைந்துபோனால் மனிதன் என்ன ஆவான் என்ற கேள்விக்கு உலகம் கண்ட மிக ஆழமான விடை, இந்த வட்டாரத்திலிருந்தே, இன்னொரு வாசல் வழியாக வந்தது. அதைக் கொடுத்தவர் உளவியலாளர் அல்லர், அறுவை மருத்துவர். பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில், அங்கே ஊழியம் செய்துவந்த ஆங்கிலேயத் தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு, தொழுநோய் மருத்துவத்தில் அன்று புகழ்பெற்றிருந்த ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் உள்ள தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு, நகம் சதையில் பதியும் அளவுக்கு வலி. செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த கையில் நல்ல தசை இருந்தது. பிடித்தவருக்கோ தாம் எதிராளியை நோகச் செய்கிறோம் என்பதே தெரியவில்லை.

அந்தப் பிடியிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று அறுவை மருத்துவம்: நல்ல தசையின் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றி, மடங்கிய விரல்களை நிமிர்த்துவது. அதில் பிராண்ட் உலகப் புகழ் பெற்றார். இன்னொரு வழியே நமக்கு வேண்டியது. தொழுநோயாளியின் விரல்கள் ஏன் குறைகின்றன? நோயே சதையைத் தின்கிறது என்று மருத்துவர்களும் நம்பிய காலம். அறுவை செய்து நிமிர்த்திய விரல்களில் மறுபடி புண் வந்தபோது பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் கேட்கத் தொடங்கினார்.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. சிறுவன் ஒருவன் வந்து சாவியை வாங்கித் திருகினான், திறந்துகொண்டது. தரையில் ரத்தம் சொட்டியது. பையனின் விரலில் சாவி எலும்புவரை வெட்டியிருந்தது. அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. நாம் சாவியைத் திருகும்போது எவ்வளவு வலு கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பது தசை அல்ல, வலி. வலி என்ற எல்லைக்கோடு இல்லாதவன் பெரியவர்களைவிடப் பலசாலியாகிவிடுகிறான், விரல் இருக்கும்வரை. இன்னொரு மர்மம் இரவில் நடந்தது. படுக்கும்போது இருந்த விரல்நுனி காலையில் இல்லை. கண்விழித்துக் காவலிருந்து பார்த்ததில், எலி வந்து நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. தூங்குகிறவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் ஆளுக்கொரு பூனையைக் கொண்டுபோக வேண்டும் என்று விதி வந்தது. மருத்துவ வரலாற்றில் மருந்துச் சீட்டில் பூனை இடம்பெற்றது இங்கே மட்டுமாகத்தான் இருக்கும்.

நோய் நேராகச் செய்வது நரம்பைக் கெடுப்பது. மிச்சத்தைச் சூடான டம்ளரும், செருப்பில் புகுந்த கல்லும், ஒரே இடத்தில் அழுத்தி நடந்த நடையும் செய்தன. நாம் நெடுந்தூரம் நடக்கும்போது நம்மை அறியாமலே பாதத்தை மாற்றி மாற்றி வைக்கிறோம். நொந்த இடத்துக்கு ஓய்வு கொடுத்து வேறு இடத்தில் பாரத்தை ஏற்றுகிறோம். உணர்விழந்த பாதம் அப்படி மாறுவதில்லை. ஒரே இடம் அடிபட்டு, சிவந்து, வெந்து, புண்ணாகிறது.

'கவனமாக இருங்கள்' என்று சொல்லிப் பார்த்தார்கள். சொன்னவுடன் எல்லோரும் கவனமாகத்தான் இருந்தார்கள். ஆனால் நாள் முழுவதும் தன் காலையே நினைத்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. அறிவு வேறு, வலி வேறு. வலி வரும்போது வேறு எதையும் நினைக்க விடாது. அறிவுரைக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆகவே வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி மையத்திலும், கவனத்தை நம்பாத வழியாகச் செருப்பைச் செய்தார்கள். நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம், அழுத்தத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பாதம் முழுவதும் பரப்பும். இன்று தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளிகள் மருத்துவமனை வாசலில் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்புக்கு மூலம் அதுதான். தோலுக்குப் பெயர்போன வட்டாரம் உலகுக்குக் கொடுத்த காலணிகளில் ஏற்றுமதியான ஷூக்களைவிட இந்தச் செருப்பை நான் உயர்த்திப் பிடிப்பேன்.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பொறியாளர்களோடு சேர்ந்து செயற்கை வலியை உண்டாக்கும் முயற்சியில் இறங்கினார். உணர்விழந்த கைக்குக் கையுறை, அதில் அழுத்தத்தை அளக்கும் உணரிகள். அழுத்தம் அளவு மீறினால் காதில் ஒலி கேட்கும். நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள், அர்த்தமும் புரிந்தது, கையை எடுக்கவில்லை, வேலையை முடித்துவிட்டு எடுத்தார்கள். விளக்கு எரிந்தால்? அதே கதை. கடைசியில் உணர்வு மிச்சமிருக்கும் அக்குள் போன்ற இடத்தில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதிர்ச்சி வேலை செய்தது; ஆனால் ஆபத்தான காரியம் ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தால் நோயாளி கருவியை அணைத்துவிட்டு, முடித்தபின் மீண்டும் போட்டுக்கொண்டார். உணரிகள் அடிக்கடி பழுதானதும் செலவும் ஒருபுறமிருக்க, திட்டத்தைக் கைவிடச் செய்தது இந்த அனுபவம். எச்சரிக்கை கசப்பாக இருக்க வேண்டும், அதன் சுவிட்ச் எச்சரிக்கப்படுகிறவர் கையில் இருக்கக்கூடாது என்று பிராண்ட் முடிவுக்கு வந்தார். பிற்காலத்தில் ஃபிலிப் யான்சியுடன் சேர்ந்து 1993-இல் எழுதிய நூலில் வலியை, யாரும் விரும்பாத கொடை என்றே வர்ணித்தார்.

தீங்கு செய்யும் எல்லாமே வலிப்பதில்லை என்பதற்கு உள்ளூர்ச் சான்று வேறு இருக்கிறது. குரோமேட் ஆலைகளில் வேலை செய்கிறவர்களின் கையில் வரும் குரோமியப் புண் ஆழமாக, வட்டமாகக் குழிவிழும், பெரும்பாலும் வலிக்காது. மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்தவர்கள் அதை அறியாமலேயே இருந்திருக்கிறார்கள். தோலைப் பதப்படுத்தப் பயன்படுவது குரோமியத்தின் சாதுவான வடிவம். கொடியது ஆறிணைதிற வடிவம். ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக்குன்றில் இருப்பது அந்தக் கொடிய வடிவம்.

பிராண்டின் பாடத்தை அன்றாடத்துக்குக் கொண்டுவர அதிகம் மெனக்கெட வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கருவிகள் ஓயாமல் ஒலிக்கின்றன, பெரும்பாலானவை வெற்று ஒலிகள். செவிலியரின் மூளை கடல் நத்தை செய்ததைத்தான் செய்கிறது. செல்போன் அறிவிப்புகளும் அப்படியே. எல்லாம் ஒரே 'டிங்' என்றால் வங்கியின் எச்சரிக்கையும் தள்ளுபடி விளம்பரமும் மனத்துக்கு ஒன்றாகிவிடும். வேண்டாத ஒலிகளை அடைத்துவிட்டு, முக்கியமான ஒன்றிரண்டுக்கு மட்டும் வேறு ஒலி வைப்பதே பயன்தரும் உளவியல். நெடுஞ்சாலையில் 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்ற பலகை நாள்தோறும் அதே இடத்தில், அதே எழுத்தில் நிற்கிறது. தினமும் போகிற ஓட்டுநருக்கு அது புளியமரம். வேகத்தடை அப்படிப் பழகுவதில்லை, பழகினாலும் வண்டி குலுங்கும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், 'காலைப் பார்த்துக்கோங்க' என்ற அறிவுரையை விட, இரவு பல் துலக்கிய கையோடு உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது என்று ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தின் வாலில் முடிச்சுப் போடுவது பலன் தரும். மருத்துவர் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்தி 'தெரியுதா?' என்று கேட்கிறாரே, அந்த 10 கிராம் இழைச் சோதனையின் அளவை 1986-இல் நிறுவியதும் கார்வில் மருத்துவமனைக்காரர்கள்தான்.

மெதுவாக வரும் மாற்றம் இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அதில் மனம் பிடித்துக்கொள்ளும்படியான படி எதுவும் இல்லை. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலுக்கு வந்தபோது கடலில் இருந்த மீனளவையே இயல்பென்று எடுத்துக்கொள்கிறது, அதற்கு முன் இருந்தது கணக்கில் வருவதில்லை. கடலை எடுத்துவிட்டுப் பாலாற்றை வைத்தால் போதும். மணலைக் கையால் தோண்டி ஊற்றுநீர் குடித்த தாத்தா, கிணற்று நீர் உப்பாவதைப் பார்த்த அப்பா, கேன் தண்ணீர் வாங்குவதைத் தவிர வேறொன்று அறியாத பேரன். மூவரும் அவரவர் இயல்பில் நிற்கிறார்கள். நினைவு இப்படிக் கைவிடும் இடத்தில் ஏடுதான் உதவுகிறது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தபோது, தோல் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதி இழந்துவிட்டது என்ற ஆய்வுக் கணக்கு பதிவாயிற்று. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும், முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டியது அந்தத் தீர்ப்பு.

நிறுவனங்களுக்கும் மூக்கு பழகும். சேலஞ்சர் விண்கலம் 1986-இல் வெடித்ததை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன், சிறு விதிமீறலால் கேடு எதுவும் நேராமல் போகும் ஒவ்வொரு முறையும் அந்த மீறலே புதிய விதியாகிவிடுகிறது என்று காட்டினார். ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் 2015 ஜனவரி 31 அன்று, பொழுது விடியும் முன் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கசடு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். யார் குற்றம் என்பது சட்டத்தின் கேள்வி. உளவியலின் கேள்வி வேறு: நிறைந்துகொண்டே வந்த தொட்டியின் அருகே ஆட்கள் எப்படித் தூங்கினார்கள், எப்படித் தூங்கவைக்கப்பட்டார்கள்? நேற்று நின்ற சுவர் இன்றும் நிற்கும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இடிந்த நாளுக்கு முந்தைய நாள்வரை அந்தக் கணக்கு சரியாகவும் இருந்தது. சுவருக்குப் பக்கத்தில் படுக்கும் கூலித் தொழிலாளிக்கு இதைச் சொல்லிப் பயனில்லை, அவருக்கு வேறு படுக்கையிடம் இல்லை. சொல்ல வேண்டியது படுக்கையிடத்தைத் தீர்மானிக்கிறவரிடம்.

வாயு அளக்கும் மீட்டர் இப்போது உள்ளங்கை அளவில் கிடைக்கிறது. அதை வாங்கி மேலாளர் அறை அலமாரியில் வைத்தால், பிராண்டின் நோயாளி அணைத்துவைத்த கருவிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. இந்த விஷயத்தில் நம் சட்டம் எழுதியவர்கள் உளவியலாளர்களை முந்திக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 36-ஆம் பிரிவில், தொட்டி போன்ற மூடிய இடத்துக்குள் ஆளை இறக்குவதற்கு இரண்டே வழிகளை அனுமதித்தது. தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்துப் பார்த்து, உள்ளே ஆபத்தான வாயு இல்லை என்று எழுத்தில் சான்று கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால், இறங்குகிறவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்பில் பட்டை கட்டி, அதில் கயிறு பூட்டியிருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை வெளியே நிற்கும் ஒருவர் கையில் இருக்க வேண்டும். இறங்குகிறவருக்கு என்ன தெரிகிறது, என்ன நாறுகிறது, அவர் எத்தனை வருட அனுபவசாலி என்று அந்தப் பிரிவு ஓரிடத்திலும் கேட்கவில்லை.